3 மணி நேர நகைச்சுவை ஆர்பிஜி: சண்டைக்குள் வரும் ஜோக் ஏன் சீக்கிரம் சலித்துவிடுகிறது?

#1 மரக்கேடயம்

வணக்கம். ஆர்பிஜி மேக்கர் எம்இசட் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ஒரு சின்ன நகைச்சுவை ஃபேண்டஸி ஆர்பிஜிக்கான (பாத்திரங்களை வளர்த்துச் சண்டையிடும் கதை விளையாட்டுக்கான) திட்டம் இது. கதையும் மேப்பும் முடிந்துவிட்டன. சண்டைப் பகுதியைப் பற்றித்தான் கேள்வி.

மொத்த நீளம் 3 மணி நேரம். 5 பகுதிகள், 18 வகைச் சாதாரண எதிரிகள், 4 பாஸ் (பெரிய எதிரிகள்). நம் பக்கம் மூவர்: வாளை அடகு வைத்துவிட்ட வீரன், எல்லா மந்திரத்தையும் பாதி வரை மட்டும் படித்த மந்திரவாதி, இருட்டைக் கண்டால் நடுங்கும் பூதம். சுற்றுமுறைச் சண்டை. ரேண்டம் என்கவுன்டர் (நடக்கும்போது திடீரென்று வரும் சண்டை), மேக்கரில் இயல்பாக இருக்கும் 30 காலடி. சேதக் கணக்கும் இயல்பானதே: தாக்கு × 4 − காப்பு × 2. ஒவ்வொரு எதிரியும் சண்டை தொடங்கும்போது ஒரு வசனம் சொல்லும்.

முதல் பகுதியில் வசனம் எடுபடுகிறது. மூன்றாம் பகுதி வருவதற்குள் விளையாடுகிறவர்கள் படிப்பதையே விட்டுவிட்டு பட்டனைத் தட்டிக்கொண்டே போகிறார்கள். ஒரு முழு ஆட்டத்தில் 70 சண்டை வருகிறது, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம். வசனத்தை மாற்றி எழுத வேண்டுமா, சண்டையைக் குறைக்க வேண்டுமா?

#2 பகடைக்காய்

வசனத்தில் கை வைக்காதீர்கள். எண்ணிக்கையைப் பாருங்கள்.

70 சண்டை, சண்டைக்கு 2 எதிரி என்றால் 140 முறை எதிரிகள் திரைக்கு வருகிறார்கள். 18 வகைதான் இருக்கிறது. ஆக ஒவ்வொரு வசனமும் கிட்டத்தட்ட 8 முறை காதில் விழுகிறது. எவ்வளவு நல்ல ஜோக்காக இருந்தாலும் நாலாவது முறைக்கு மேல் தாங்காது. நேரமும் அதையேதான் சொல்கிறது. 70 × 1.5 = 105 நிமிடம், அதாவது 180 நிமிட விளையாட்டில் பாதிக்கு மேல் சண்டை மெனுவில் போகிறது.

30 சண்டைக்கு இறக்குங்கள். 60 முகம், 18 வகை, ஒரு வசனம் 3 முறை சொச்சம். சண்டை ஒன்று 45 விநாடியில் முடிந்தால் 22 நிமிடம். பாஸ் நாலும் தலைக்கு 5 நிமிடம் என்றால் 20. மொத்தம் 42, ஆட்டத்தில் கால் பங்கு கூட இல்லை. நகைச்சுவை ஆர்பிஜிக்கு இந்த அளவு போதும் என்பது என் கணிப்பு.

#3 நீலச்சுடர்

பகடைக்காய் சொன்ன கணக்கு சரி. ரேண்டம் என்கவுன்டரில் இன்னொரு தொல்லையும் இருக்கு, அது எண்ணிக்கையில தெரியாது.

மேக்கர் அடுத்த சண்டைக்கான தூரத்தை எப்படி எடுக்குதுன்னா, 0 முதல் 29 வரை ரெண்டு எண்ணைக் குலுக்கி, கூட்டி, 1 சேர்த்துக்கும். சராசரி 30. ஆனா 1-லேருந்து 59 வரை எதுவும் வரலாம். புதர்க் கட்டத்துல நடந்தா ஒரு காலடி ரெண்டாக் கணக்காகும். நீங்க ஒரு அறிவிப்புப் பலகையில ஜோக்கைத் தொடங்கி, ஆறு கட்டம் தள்ளி இன்னொரு பலகையில முடிச்சிருப்பீங்க. நடுவுல சண்டை புகுந்தா அந்த ஜோக் போச்சு. நகைச்சுவைக்கு இடைவெளிதான் உயிர். அந்த இடைவெளியை குலுக்கல் கையில கொடுக்கக் கூடாது.

இதை முன்னாடியே யோசிச்சவங்க இருக்காங்க. சீபாய்ட் கேம்ஸ் 2010-ல வெளியிட்ட பிரெத் ஆஃப் டெத் 7 பழைய ஆர்பிஜிகளைக் கிண்டல் பண்ற சின்ன விளையாட்டு. அதுல ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை ரேண்டம் சண்டைதான்னு வரம்பு இருக்கும். அது தீர்ந்தா நிம்மதியாச் சுத்தலாம், இன்னும் வேணும்னா மெனுவுல இருந்து நீங்களே சண்டையைக் கூப்பிடலாம். சண்டை முடிஞ்சதும் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) முழுசா ஏறிடும். சீக்கிரம் முடிச்சா எம்பியும் (மந்திரப் புள்ளி) கூடுதலாத் திரும்பும். எதிரிங்க சுற்றுக்குச் சுற்று பலம் ஏறிக்கிட்டே போவாங்க, அதனால யாரும் சும்மா இழுத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க. இந்த நாலு விதியும் ஒண்ணையொண்ணு தாங்கிப் பிடிக்குது. ஒண்ணை மட்டும் பிடுங்கி எடுத்து வெச்சா வேலை செய்யாது.

#4 சுற்றுமுறை

நீலச்சுடர் சொன்னதோடு இன்னும் இரண்டு. 2015-இல் வந்த அண்டர்டேலில், கொன்றுகொண்டே போனால் ஒவ்வொரு பகுதியும் தீர்ந்துவிடும்: இடிபாடுகளில் 20, ஸ்னோடினில் 16, வாட்டர்ஃபாலில் 18, ஹாட்லேண்டில் 40. தீர்ந்த பிறகு சண்டைத் திரை வரும், ஆனால் எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். சிரிக்க வைத்துக்கொண்டிருந்த அதே திரை அங்கே குற்ற உணர்வைத் தருகிறது. எர்த்பவுண்டில் (ஜப்பானில் 1994) நம் பலம் மிக அதிகமாகிவிட்டால் சின்ன எதிரியைத் தொட்டதும் சண்டைத் திரையே திறக்காமல் வெற்றி என்று வந்து அனுபவப் புள்ளியும் கிடைக்கும்.

மூன்றுக்கும் பொதுவான பாடம்: தெரிந்துபோன சண்டையைத் திரும்ப ஆடச் சொல்லாதே.

#5 மரக்கேடயம்

ரேண்டம் வேண்டாம் என்று முடிவு செய்தாயிற்று. எதிரிகளை மேப்பிலேயே நிறுத்துகிறேன். 5 பகுதிக்கு 6 வீதம் 30. இப்போது ஒரு சந்தேகம். தப்பித்து ஓடினால் எதிரி அதே இடத்தில் நிற்பதால் உடனே மறுபடி சண்டை பிடித்துக்கொள்கிறது. சில எதிரிகள் நேரே வந்து நம் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கின்றன. ஏன்?

#6 பிக்சல்தச்சன்

இரண்டாவதுக்கு முதலில் பதில், அது எளிது. எதிரிக்கான இவென்ட்டின் (மேப்பில் வைக்கும் பொருளின்) ட்ரிகரை (அது எப்போது இயங்கும் என்பதை) "பிளேயர் டச்" என்று வைத்திருப்பீர்கள். அதில் நாம் போய் முட்டினால்தான் சண்டை. எதிரி வந்து முட்டினால் ஒன்றும் நடக்காது. "இவென்ட் டச்" என்று மாற்றினால் இரண்டு பக்கமும் வேலை செய்யும். ப்ரையாரிட்டி "கேரக்டருக்குச் சமம்" என்று இருக்க வேண்டும். கீழே அல்லது மேலே என்று வைத்தால் எதிரி நம்மைத் தொட வந்தும் சண்டை தொடங்காது.

தப்பிக்கும் விஷயம்: பேட்டில் ப்ராசஸிங் கட்டளையில் "தப்பிக்கலாம்", "தோற்கலாம்" இரண்டையும் டிக் செய்யுங்கள். மூன்று கிளை கிடைக்கும்.

வென்றால்: செல்ஃப் ஸ்விட்சின் (அந்த இவென்ட்டுக்கு மட்டுமான ஸ்விட்ச்) முதல் எழுத்தான A-வை ஆன் செய்யுங்கள். அந்த ஸ்விட்சை நிபந்தனையாக வைத்து வெற்றுப் படத்தோடு இரண்டாம் பக்கம் ஒன்று போடுங்கள். எதிரி நிரந்தரமாகப் போய்விடும்.

தப்பித்தால்: "இரேஸ் இவென்ட்". மேப்பை விட்டு வெளியே போய்த் திரும்பும் வரை அந்த எதிரி இருக்காது. செல்ஃப் ஸ்விட்ச் தொடப்படாததால் பிறகு மீண்டும் வரும்.

தோற்றால்: இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். "தோற்கலாம்" என்று வைத்தால் கேம் ஓவர் வராது, ஆனால் விழுந்தவர்கள் 1 ஹெச்பியோடு எழுவார்கள். அப்படியே விட்டால் அடுத்த அடியில் மறுபடி விழுவார்கள். "ரெகவர் ஆல்" கண்டிப்பாகப் போடுங்கள். அதோடு பாஸுக்கு முன்னால் வரும் உரையாடலுக்கு ஒரு ஸ்விட்ச் வையுங்கள், இரண்டாம் முயற்சியில் அது ஓடக் கூடாது. தோற்றுத் திரும்பியவரை அதே நாற்பது வரி ஜோக்கை மறுபடி கேட்க வைத்தால் அதற்குப் பிறகு அவர் எதற்கும் சிரிக்க மாட்டார்.

தப்பிக்கும் வாய்ப்பையும் பாருங்கள். இயல்புக் கணக்கு 0.5 × (நம் சராசரி வேகம் ÷ எதிரிகளின் சராசரி வேகம்). ஒவ்வொரு தோல்விக்கும் 0.1 கூடும். சம வேகம் என்றால் பாதிக்குப் பாதிதான். எதிரி கண்ணுக்குத் தெரியும் விளையாட்டில் தெரிந்தே தொட்டவர் ஓட நினைத்தால் ஓட விடுவதுதான் நியாயம். ஒரு சின்ன ப்ளகினில் (கூடுதல் நிரலில்) அந்த மதிப்பை 1 ஆக்கிவிடுங்கள்.

#7 பகடைக்காய்

இனி எண்களுக்கு வரலாம். 45 விநாடியில் சண்டை முடிய வேண்டுமென்றால் 3 சுற்றுக்குள் முடிய வேண்டும். தாக்கு × 4 − காப்பு × 2 இதற்கு ஒத்துவராது. தாக்கு 16, காப்பு 16 என்றால் 32 சேதம். காப்பு 32 ஆனதும் சேதம் 0. ஒரு கவசம் வாங்கியதும் எதிரி பயனற்றதாகிவிடும், ஒரு பகுதி முன்னால் போனால் நாம் பயனற்றவர்களாகிவிடுவோம். குறுகிய விளையாட்டில் அதைச் சமன்படுத்தவே நேரம் போய்விடும்.

சின்ன எண்களுக்குப் போங்கள். 2000-இல் வந்த பேப்பர் மாரியோ 10 ஹெச்பியில்தான் தொடங்குகிறது. அடி 1, 2 என்றுதான் விழும். விளையாடுகிறவர் ஒவ்வொரு எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும். "இந்தப் பூதம் 3 அடிப்பான்" என்று தெரிந்திருந்தால்தான் அவன் திடீரென்று 12 அடிக்கும்போது அது நகைச்சுவையாகும். 347-க்கும் 412-க்கும் வித்தியாசம் யாருக்கும் உறைக்காது.

நான் பரிந்துரைக்கும் அளவு:

சேதம் = தாக்கு − காப்பு, குறைந்தது 1. நம்மவர் ஹெச்பி தலைக்கு 25. ஒரு சுற்றில் வீரன் 5, பூதம் 4, மந்திரவாதி இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 10, அதாவது சராசரி 5. மொத்தம் சுற்றுக்கு 14. எதிரிக் கூட்டத்தின் மொத்த ஹெச்பி = 14 × 2.5 = 35. இரண்டு எதிரி என்றால் 18-ம் 17-ம். மூன்றாம் சுற்றில் முடிந்துவிடும்.

சண்டை முடிந்ததும் ஹெச்பியை முழுசாக ஏற்றிவிடுங்கள். அப்போது வழி நெடுக மருந்துப் புட்டியை எண்ணும் வேலை இல்லை, அந்தந்தச் சண்டையை மட்டும் யோசித்தால் போதும். ஆனால் நீலச்சுடர் சொன்ன பலம் ஏறும் விதியும் கூடவே வேண்டும். சின்ன எண்களில் சதவீதம் உதவாது, 3-இல் 10 சதவீதம் 0.3தான். சுற்றுக்கு +1 என்று வையுங்கள். எதிரியின் அடி முதல் சுற்றில் 3, பிறகு 4, பிறகு 5. சேத ஃபார்முலாவிலேயே ட்ரூப்பின் (எதிரிக் கூட்டத்தின்) டர்ன் கவுன்டை, அதாவது சுற்று எண்ணை, கூட்டி 1 கழித்தால் போதும். முதல் சுற்றில் அந்த மதிப்பு 1 என்பதால் கணக்கு சரியாக வரும். சிஸ்டம் பக்கத்தில் சண்டை வகை "டர்ன் பேஸ்டு" என்று இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#8 குகைவிளக்கு

சின்ன எண்ணுக்குப் போகும்போது மூன்று இயல்பு அமைப்புகள் காலை வாரும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேரியன்ஸ் (சேதம் கூடிக் குறையும் அளவு) 20 என்று ஸ்கில்லில் (தாக்கும் திறனில்) இருக்கும். இயந்திரம் சேதத்தில் 20 சதவீதத்தை எடுத்துக் கீழே முழு எண்ணாக்குகிறது. 4 சேதத்துக்கு 0.8, அது 0 ஆகிவிடும், மாற்றமே இருக்காது. 5 சேதம் ஆனதும் ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். ஆக 4 அடிப்பவன் எப்போதும் 4 அடிப்பான், 5 அடிப்பவன் சிலசமயம் 4 அடிப்பான். இது பக் போலத் தெரியும். எல்லா ஸ்கில்லிலும் வேரியன்ஸை 0 ஆக்குங்கள்.

கிரிட்டிக்கல் (எப்போதாவது விழும் பலத்த அடி) இயல்பாக 3 மடங்கு. 5 சேதம் 15 ஆனால் 17 ஹெச்பி எதிரி ஏறக்குறைய ஒரே அடியில் காலி. கிளாஸில் (பாத்திரத்தின் தொழில் வகையில்) இருக்கும் 4 சதவீத கிரிட்டிக்கலை எடுத்துவிடுங்கள், அல்லது 2 மடங்காக்குங்கள்.

அடி தவறுவது: ஹிட் 95 சதவீதம், தவிர்ப்பு 5 சதவீதம். இரண்டையும் தனித்தனியாகக் குலுக்குவதால் உண்மையில் படுவது 90.25 சதவீதம். மூவர் மூன்று சுற்று அடித்தால் 9 அடி, ஏறக்குறைய சண்டைக்கு ஒன்று வீணாகும். காரணமில்லாமல் தவறும் அடி எரிச்சல்தான். ஹிட்டை 100, தவிர்ப்பை 0 ஆக்கிவிட்டு, தவிர்ப்பு என்பதை ஒரே ஓர் எதிரிக்கு மட்டும் குணமாகக் கொடுங்கள். "மன்னிக்கவும்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு முறையும் விலகும் ஒரு பேய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அடி தவறுவதே அவனுடைய ஜோக்காகிவிடும்.

#9 சுற்றுமுறை

சின்ன எண்களுக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 5 அடிக்கும் வீரனுக்குத் தாக்கு 1 கூடினால் அது 20 சதவீத முன்னேற்றம். 30 லெவல் வைக்க இடமே இல்லை. எனவே 8 லெவலோடு நிறுத்துங்கள். ஒற்றைப்படை லெவலில் எண் கூடட்டும், இரட்டைப்படை லெவலில் புதிய ஸ்கில் வரட்டும். ஆயுதக் கடையை நாலு பொருளோடு முடித்துவிடலாம்.

பகடைக்காய் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. 9999 என்று திரையில் ஒரு எண் வெடிப்பது ஆர்பிஜி ரசிகர்களுக்குத் தனி ஆனந்தம். சின்ன எண் விளையாட்டில் அதை ஒரே ஒரு முறை வையுங்கள். மந்திரவாதி கடைசியில் ஒரு மந்திரத்தை முழுசாகச் சொல்லி முடிக்கும் இடம் அதற்குத் தகுந்தது. மூன்று மணி நேரம் 10 அடித்தவன் 9999 அடிக்கட்டும்.

#10 பகடைக்காய்

அது மாற்றுக் கருத்தே இல்லை, மிகச் சரியான இடம். ஏற்கிறேன்.

#11 நீலச்சுடர்

மரக்கேடயம் ப்ரோ, வசனம் எங்க வருதுங்கிறதையும் பிரிச்சுப் பாருங்க. சண்டைக்குள்ள எழுத்து காட்ட ரெண்டு இடம் இருக்கு. மெசேஜ் விண்டோ பட்டன் தட்டும் வரை நிக்கும். பேட்டில் லாக் தானாவே ஓடிடும், ஷிஃப்டை அழுத்திப் பிடிச்சா மூணு மடங்கு வேகமாப் போகும். திரும்பத் திரும்ப வர்றதை லாக்ல போடுங்க, ஸ்கில்லோட மெசேஜ் பெட்டியில எழுதினா அங்கதான் வரும். ஒரே முறை வர்றதை மட்டும் மெசேஜ் விண்டோவுல வைங்க.

ஒவ்வொரு எதிரி வகைக்கும் ஒரு வேரியபிள் (எண்ணைச் சேமிக்கிற இடம்) வெச்சு எத்தனாவது சந்திப்புன்னு எண்ணுங்க. முதல் முறை வசனம் முழுசா வரட்டும். ரெண்டாவது முறை அதே வசனம் பாதியிலயே நிக்கட்டும், நம்ம வீரன் மீதியைச் சொல்லட்டும். மூணாவது முறை எதிரி வாயைத் திறக்கும் முன்னாடியே பூதம் கையெடுத்துக் கும்பிடட்டும். அதோட சரி. நாலாவது முறை வசனமே வேண்டாம், நேரா சண்டை. 30 சண்டைக்கு ஒரு எதிரி மூணு முறைதான் வரும்னு கணக்கு வந்துச்சே, அது இந்த ஏணிக்குக் கச்சிதமாப் பொருந்தும்.

நிறுத்தக் குறிகளைப் பயன்படுத்துங்க. \. போட்டா கால் விநாடி (15 ஃபிரேம்), \| போட்டா ஒரு விநாடி (60 ஃபிரேம்). ஜோக் உடையற வார்த்தைக்கு முன்னாடி ஒரு \| போதும். ரெண்டு போட்டா விளையாட்டு ஹேங் ஆயிடுச்சோன்னு நினைப்பாங்க. \^ போட்டா பட்டனுக்குக் காத்திருக்காம அடுத்த வரிக்குத் தாவும். ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் வெட்டுற இடத்துக்கு அதை விட்டா வேற வழி இல்ல.

#12 மரக்கேடயம்

ஏணி யோசனை அருமை, எடுத்துக்கொள்கிறேன். நிறுத்தக் குறி போட்டுப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. எழுத்து ஒவ்வொன்றாக வரும்போது "கொடு" என்பதில் முதலில் க தனியாகவும் பக்கத்தில் புள்ளி வட்டத்தோடு கொம்பும் காலும் தனியாகவும் வருகின்றன. உடனடிக் காட்சிக் குறி \> போட்டால் சரியாக இருக்கிறது.

#13 குகைவிளக்கு

அது எம்இசட்டின் பழக்கம். அது ஒவ்வொரு குறியீட்டு எண்ணுக்குப் பிறகும் நின்று, அதுவரை சேர்ந்ததைத் திரையில் வரைந்துவிடும். க ஒரு எண், அதன் உயிர்க்குறி இன்னொரு எண். இரண்டுக்கும் நடுவில் நின்றால் குறி அநாதையாகிவிடும். \> போட்டால் முழு வரியும் ஒரே தடவையில் வரைவதால் தப்பிக்கிறது.

சரிசெய்ய: மெசேஜ் விண்டோவில் "கேன் பிரேக் ஹியர்" என்ற ஃபங்ஷன் இருக்கிறது, இங்கே நிற்கலாமா என்று அதைத்தான் கேட்கும். உங்கள் ப்ளகினில் அதை மேலெழுதி, அடுத்த எழுத்தின் எண் 3006 முதல் 3021 வரை இருந்தாலோ 3031 ஆக இருந்தாலோ "முடியாது" என்று திருப்புங்கள். இல்லையென்றால் பழைய ஃபங்ஷனையே அழையுங்கள். நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் அந்த வரம்புக்குள்தான் வருகின்றன. இதன் பிறகு கொ, கௌ, க் எல்லாம் ஒரே எழுத்தாகத் தோன்றும்.

எம்வி (மேக்கரின் முந்தைய பதிப்பு) பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அதில் மெசேஜ் எழுத்து எப்போதுமே ஒவ்வொன்றாகத்தான் வரையப்படும், \> கூட உதவாது. தமிழில் செய்வதானால் எம்இசட்டே நல்லது. கோடோ 4 என்ற வேறு கேம் எஞ்சினில் ரிச் டெக்ஸ்ட் லேபிளின் "விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்" என்பதை "ஆஃப்டர் ஷேப்பிங்" என்று மாற்றினால் போதும்.

ஃபான்ட்டையும் நீங்களே இணைத்து அனுப்புங்கள். எம்இசட்டோடு வரும் ஃபான்ட்டில் தமிழ் இல்லை, அதனால் ஒவ்வொரு கணினியிலும் அங்கே இருக்கும் வேறு ஃபான்ட் வந்து நிற்கும், வரி நீளமும் மாறும். நோட்டோ சான்ஸ் தமிழை விளையாட்டோடு சேர்த்துத் தரலாம், உரிமம் இடம் கொடுக்கிறது. எம்இசட் வரியைத் தானாக மடக்காது. இயல்பான 816 × 624 திரையில் முகப்படம் வைத்தால் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 620 பிக்சல்தான். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் வரிக்கு மூன்று நான்கு சொல்லோடு நிறுத்தி எழுதுங்கள்.

#14 பிக்சல்தச்சன்

தமிழ் என்றதும் இன்னொன்று. டெர்ம்ஸ் பக்கத்தில் (சண்டைச் செய்திகளை எழுதும் இடம்) %1 என்ற இடத்தில் பெயர் வந்து உட்காரும். "%1க்கு %2 சேதம்" என்று எழுதினால் "பூதம்க்கு 5 சேதம்" என்று வரும். வேற்றுமை உருபை இயந்திரம் சேர்க்காது. "%1 %2 அடி வாங்கினான்" என்றால் சூனியக்காரியும் "வாங்கினான்" ஆகிவிடுவாள்.

"%1 வாங்கிய அடி: %2" என்று எழுதுங்கள். பெயரெச்சத்துக்குப் பால் கிடையாது, பெயரும் உருபு ஏற்காமல் நிற்கும். இதே முறையில் "%1 விட்ட கொட்டாவி", "%1 எடுத்த ஓட்டம்" என்று எல்லாவற்றையும் எழுதலாம், கேட்கவும் நகைச்சுவையாக இருக்கும்.

ஒரே வகை எதிரி இரண்டு வந்தால் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்து ஒட்டிக்கொள்ளும். ட்ரூப் பகுதியில் "லெட்டர் டேபிள் ஹாஃப்" என்ற பட்டியலை மாற்றி அ, ஆ, இ என்று வைக்கலாம். அதைவிட "மூத்தவர்", "இளையவர்" என்று வைத்தால் இரண்டு எலும்புக்கூடுகளும் குடும்பமாகிவிடும், ஒரு வரி கூட எழுதாமல்.

#15 மரக்கேடயம்

பெயரெச்ச யோசனைக்கு மிக்க நன்றி. இனி இரண்டு சண்டைகள் மட்டும் பாக்கி. ஒன்று, கொட்டாவி விடும் கல் பூதம். அதன் கொட்டாவி எல்லோருக்கும் தொற்ற வேண்டும், ஒரு சுற்று செயலிழக்க வேண்டும். இப்போது சிலசமயம் தொற்றியும் ஒன்றும் ஆவதில்லை. இரண்டு, கட்டியக்காரன் பாஸ். ராஜாவின் பட்டங்களை உரக்க வாசித்து வாசித்துப் பலம் ஏற்றிக்கொள்வான். இடையில் இருமினால் அவனுக்கு விட்ட இடம் மறந்துபோக வேண்டும்.

#16 சுற்றுமுறை

கொட்டாவி: ஸ்டேட் (பாத்திரத்தின் நிலை) நீங்குவதை "சுற்று முடிவில், 1 சுற்று" என்று வைத்திருப்பீர்கள். அந்தச் சுற்றில் ஏற்கெனவே செயல்பட்டு முடித்தவருக்குத் தொற்றினால், சுற்று முடிந்ததும் ஸ்டேட் போய்விடும். அவர் எதையும் இழக்கவில்லை. கொட்டாவி ஸ்கில்லின் வேகத்தை +2000 ஆக்குங்கள், எல்லோருக்கும் முன்னால் நடக்கும். எல்லையை "எவ்ரிஒன்" என்று வையுங்கள், எம்இசட்டில் அது உண்டு. எதிரிகளும் சேர்ந்து மாட்டுவார்கள், அதில்தான் சிரிப்பு. ஸ்டேட் சேரும் வாய்ப்பு 40 சதவீதம் போதும். "அடி பட்டால் நீங்கும், 100 சதவீதம்" என்றும் வையுங்கள். தூங்கும் நண்பனைத் தட்டி எழுப்ப 1 சேதம் தரும் "தட்டு" என்ற ஸ்கில்லை நம் அணியின் பூதத்துக்குக் கொடுங்கள், அதற்கும் வேகம் வேண்டும். +1000 என்றால் கொட்டாவிக்குப் பின், மற்ற எல்லோருக்கும் முன். எழுந்தாலும் அவருடைய அந்தச் சுற்றுக் கட்டளை திரும்ப வராது என்பதை விளையாட்டிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த சுற்றுக்குத்தான் பயன் வேண்டுமென்றால் ஸ்டேட்டை 2 சுற்றாக்குங்கள்.

கட்டியக்காரன் விரிவாக வேண்டும், ஏனென்றால் முன்னறிவிப்புதான் இந்தச் சண்டையின் உயிர்.

ஹெச்பி 120. 3, 6, 9 என்று மூன்றாம் சுற்றுதோறும் பட்டம் வாசிப்பான், மற்றச் சுற்றுகளில் ஒருவரை அடிப்பான். ஆக்‌ஷன் பட்டியலில் வாசிப்புக்கு நிபந்தனை 3 + 3 × என்றும் ரேட்டிங் 9 என்றும், அடிக்கு ரேட்டிங் 5 என்றும் வையுங்கள். ரேட்டிங் 3 அல்லது அதற்கு மேல் குறைந்தால் அந்தச் செயல் தேர்வாகவே ஆகாது, எனவே குழப்பம் வராது. வாசிப்பின் வேகம் −2000, சுற்றில் எப்போதும் கடைசி. வாசிப்பு ஒரு காமன் இவென்டை (எங்கிருந்தும் அழைக்கக்கூடிய கட்டளைத் தொகுப்பை) கூப்பிடட்டும்: இருமல் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தால் பட்டம் வேரியபிளில் 1 கூட்டு, ஆனில் இருந்தால் "எங்கே விட்டேன்?" என்ற வசனம். இருமல் ஸ்கில்லும் காமன் இவென்ட் வழியாக அந்த ஸ்விட்சை ஆன் செய்யும். அவனுடைய அடி = தாக்கு − காப்பு + பட்டம். அடிப்படை 4 என்று வையுங்கள்.

தவறு நடக்கும் இடம் இதுதான். "தொண்டையைச் செருமுகிறான்" என்ற முன்னறிவிப்பை ட்ரூப் இவென்டில் சுற்று 3 என்று வைத்தால், கட்டளை கொடுத்து முடித்த பிறகுதான் அது தோன்றும். அப்போது இரும முடியாது. நிபந்தனையில் "சுற்று முடிவு", "சுற்று 2 + 3 ×" இரண்டையும் டிக் செய்யுங்கள், ஸ்பானை (எவ்வளவு அடிக்கடி இயங்கும் என்பதை) "டர்ன்" என்று வையுங்கள். இரண்டாம் சுற்று முடிந்ததும், அடுத்த கட்டளைக்கு முன்னால் வரும். ஸ்பான் "பேட்டில்" என்று இருந்தால் முதல் முறை மட்டும் வரும். இருமல் ஸ்விட்சை ஆஃப் செய்யும் வரியையும் இதே பக்கத்தில் எழுதிவிடுங்கள், சண்டை தொடக்கத்தில் பட்டத்தையும் 0 ஆக்குங்கள். மறந்தால் தோற்று மறுபடி வருபவருக்குப் பழைய பட்டங்கள் சேர்ந்தே நிற்கும்.

#17 நீலச்சுடர்

இதுல ரெண்டாவது வெற்றி வழியும் ஒளிஞ்சிருக்கு. யாருமே இருமாம அவனை வாசிக்க விட்டா? அஞ்சாவது பட்டம் ரொம்ப நீளம், மூச்சு வாங்கி மயங்கி விழுந்துடட்டும். கணக்கும் சரியா வருது. அஞ்சாவது பட்டம் 15-ஆம் சுற்றுல. அதுக்குள்ள 10 அடி விழும்: 4, 5, 6, 7, 8, ஒவ்வொண்ணும் ரெண்டு முறை, மொத்தம் 60. மூணு பேர் ஹெச்பி 75. காப்பு நிலை அடியைப் பாதியாக்கும். அடிச்சே கொல்றவங்களுக்கு 9 சுற்று, பொறுமையாக் கேட்கிறவங்களுக்கு 15 சுற்று. பட்டத்தைப் படிக்கிறவங்களுக்கு அந்த நீளமே பரிசு.

#18 பகடைக்காய்

காமன் இவென்டில் பட்டம் 5 ஆனதும் சும்மா "அபார்ட் பேட்டில்" போடாதீர்கள், அனுபவப் புள்ளி கிடைக்காது. எதிரியின் ஹெச்பியை 120 குறைக்கும் கட்டளையில் "சாவை அனுமதி" டிக் செய்து முடியுங்கள். அப்போது முறையான வெற்றியாகவே கணக்காகும், வென்றால் கிளையும் ஓடும்.

#19 மரக்கேடயம்

மாற்றிய கணக்கு: மேப்பில் கண்ணுக்குத் தெரியும் 30 எதிரி, 35 ஹெச்பிக் கூட்டங்கள், 8 லெவல், வேரியன்ஸ் 0, ஹிட் 100, வசன ஏணி 18 வகைக்கும், கட்டியக்காரனுக்கு இரண்டு முடிவு. 9999 கடைசிச் சண்டையில் ஒரே முறை. வெளியிடும் முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

#20 பிக்சல்தச்சன்

இரண்டு. கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் விண்டோஸில் தெரியாது. வெப் சர்வரிலும் ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் படம் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். நீங்கள் சேர்த்த கோப்புகளின் பெயர்களை எல்லாம் சின்ன எழுத்தாக்குங்கள், மேக்கரோடு வந்தவற்றின் பெயரைத் தொடாதீர்கள். அடுத்து, டிப்ளாய் செய்யும்போது (வெளியிடும் பிரதியை உருவாக்கும்போது) "பயன்படாத கோப்புகளை நீக்கு" என்பதை டிக் செய்தால், ப்ளகின் வழியாக மட்டும் அழைக்கப்படும் படமும் ஒலியும் சேர்ந்தே போய்விடலாம். டிப்ளாய் செய்த பிரதியையே முதல் திரையிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கட்டியக்காரனிடம் ஒருமுறை தோற்றும் பாருங்கள்.